கனடாவின் கூட்டாட்சியும் பன்னாட்டுக் காலநிலை ஒப்பந்தங்களும்

பன்னாட்டு ஒப்பந்தம் ஒன்றில் ஒரு நாடு கையெழுத்திடும்போது, உலகின் முன் பொறுப்பேற்பது அந்நாட்டின் நடுவண் அரசே. ஆனால் ஒப்பந்தம் கோரும் செயல்களைச் செய்து முடிக்கும் அதிகாரமும் அதே அரசிடம் இருக்கும் என்பதில்லை. கூட்டாட்சி நாடுகளில் மின்சாரம், சுரங்கம், கட்டடம், சாலைப் போக்குவரத்து, காடு, குப்பை மேலாண்மை ஆகியவை பெரும்பாலும் மாநிலங்களின் அல்லது மாகாணங்களின் கையில் உள்ளன. புவி வெப்பமடையக் காரணமான பசுமை இல்ல வாயுக்கள் வெளியேறுவதும் பெரும்பாலும் இத்துறைகளிலிருந்தே.

இந்தச் சிக்கலின் முழு வரலாற்றையும் ஒரே நாட்டில் காண விரும்புவோருக்குக் கனடா சிறந்த எடுத்துக்காட்டாகும். 10 மாகாணங்களும் 3 ஆட்புலங்களும் கொண்ட அந்நாடு 1992இல் ஐ.நா. காலநிலை மாற்றச் சட்டக உடன்படிக்கையை ஏற்றது. 2002இல் கியோட்டோ நெறிமுறைக்கு ஏற்புறுதி அளித்தது. 2011இல் அதிலிருந்து விலகுவதாக அறிவித்தது. 2016இல் பாரிஸ் ஒப்பந்தத்திற்கு ஏற்புறுதி அளித்தது. இவ்வளவு காலமும் நடுவண் அரசும் மாகாணங்களும் மோதிக்கொண்டது பெரும்பாலும் ஒரே கேள்வியின் மீதுதான்: ஒட்டாவாவில் கொடுத்த வாக்கை நிறைவேற்ற வேண்டியவர் யார்?

அரசியலமைப்பின் அடித்தளம்

கனடாவின் அடிப்படைச் சட்டம் 1867இல் பிரித்தானிய நாடாளுமன்றம் இயற்றிய பிரித்தானிய வட அமெரிக்கச் சட்டமாகும். அதன் 91ஆம் பிரிவு நடுவண் அரசின் அதிகாரங்களையும், 92ஆம் பிரிவு மாகாணங்களின் அதிகாரங்களையும் பட்டியலிடுகின்றன. 'சொத்தும் குடியியல் உரிமைகளும்' என்ற பரந்த தலைப்பு மாகாணங்களுக்கு உரியது. வணிகம், தொழில், வேலை நிலைமைகள் குறித்த சட்டங்களில் பெரும்பகுதி இதன்கீழ் வந்துவிடுகிறது. 109ஆம் பிரிவின்படி நிலமும் கனிமங்களும் மாகாணங்களின் உடைமை. ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான், மனிட்டோபா ஆகிய புல்வெளி மாகாணங்களுக்கு மட்டும் இவ்வுரிமை தொடக்கத்தில் மறுக்கப்பட்டு, 1930இல்தான் கிடைத்தது.

'சுற்றுச்சூழல்' என்ற சொல் 1867ஆம் ஆண்டின் பட்டியல்கள் எதிலும் இல்லை. அது தனியொரு அரசுக்கு ஒப்படைக்கப்பட்ட துறை அன்று என்றும், இரு நிலை அரசுகளும் தத்தம் அதிகாரங்களின் வழியாகவே அதைக் கையாள வேண்டும் என்றும் கனடிய உச்ச நீதிமன்றம் 1992இல் ஓல்ட்மேன் ஆற்று வழக்கில் விளக்கியது.

பட்டியலில் அடங்காத நாடு தழுவிய தேவைகளுக்காக, 'அமைதி, ஒழுங்கு, நல்லாட்சி' ஆகியவற்றுக்குச் சட்டம் இயற்றும் பொது அதிகாரமும் நடுவண் நாடாளுமன்றத்துக்கு உண்டு. ஆனால் இதைப் பரவலாகப் பயன்படுத்தினால் மாகாணங்களின் அதிகாரம் கரைந்துபோகும் என்பதால் நீதிமன்றங்கள் இதை நெடுங்காலம் குறுக்கியே பொருள்கொண்டன. காலநிலைச் சிக்கலில் பின்னர் நடுவண் அரசுக்குக் கைகொடுத்தது இந்த அதிகாரமே.

1937: தொழிலாளர் உடன்படிக்கைகள் வழக்கு

1867ஆம் ஆண்டுச் சட்டத்தின் 132ஆம் பிரிவு, பிரித்தானியப் பேரரசு செய்துகொள்ளும் ஒப்பந்தங்களைக் கனடாவில் நிறைவேற்றும் அதிகாரத்தை நடுவண் அரசுக்கு அளித்தது. கனடா தானே தனித்து ஒப்பந்தம் செய்யும் காலம் வரும் என்பதை அச்சட்டத்தை எழுதியோர் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. 1931ஆம் ஆண்டின் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டத்தால் கனடா சட்டமியற்றுவதில் தன்னுரிமை பெற்றது. அதன்பின் இந்த இடைவெளி வெளிப்பட்டது.

பெரும் பொருளாதார மந்தத்தின்போது, 1935இல், பிரதமர் ஆர். பி. பென்னட்டின் அரசு மூன்று சட்டங்களை இயற்றியது. அவை வேலை நேர வரம்பு, வார ஓய்வு, குறைந்தபட்சக் கூலி ஆகியவை பற்றியவை; மூன்றுமே பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கைகளை நிறைவேற்றுவதற்கானவை. கூலியும் வேலை நேரமும் எங்கள் அதிகாரம் என்று மாகாணங்கள் எதிர்த்தன. வழக்கு அன்றைய இறுதி முறையீட்டு மன்றமான இலண்டன் பிரிவி கவுன்சிலுக்குச் சென்றது.

1937இல் அட்கின் பிரபு வழங்கிய தீர்ப்பு நடுவண் அரசுக்கு எதிராக அமைந்தது. ஒப்பந்தம் செய்வது ஒன்று, அதைச் சட்டமாக்குவது வேறொன்று. ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதாலேயே நடுவண் அரசுக்குப் புதிய சட்டமியற்றும் அதிகாரம் பிறந்துவிடாது என்பதே தீர்ப்பின் சாரம். பொருள் மாகாணத்துக்கு உரியதானால், ஒப்பந்தத்தை நிறைவேற்றும் சட்டத்தையும் மாகாணமே இயற்ற வேண்டும். நாட்டை ஒரு கப்பலாக உருவகித்த நீதிபதி, அது அயல்கடலுக்குச் சென்றாலும் அதன் உள்ளே தடுக்கப்பட்ட நீர்புகா அறைகள் அப்படியே இருக்கும் என்றார்.

பிற கூட்டாட்சிகள் எல்லாம் இவ்வழியில் செல்லவில்லை. ஆஸ்திரேலியாவில் நடுவண் அரசின் வெளிநாட்டு விவகார அதிகாரம், உலக மரபுச்சின்ன உடன்படிக்கையின்படி தாஸ்மேனிய அணை ஒன்றைத் தடுக்கப் போதுமானது என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் 1983இல் தீர்ப்பளித்தது. இந்திய அரசியலமைப்பின் 253ஆம் உறுப்பு, பன்னாட்டு உடன்படிக்கைகளை நிறைவேற்ற மாநிலப் பட்டியலில் உள்ள பொருள்கள் குறித்தும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்கிறது. கனடாவில் அப்படியொரு பிரிவு இல்லை. 1937ஆம் ஆண்டுத் தீர்ப்பு இன்றும் நடைமுறையில் உள்ளது.

எண்ணெயும் நீர்மின்சாரமும்

சட்டத்தின் தடை ஒருபுறமிருக்க, மாகாணங்களின் பொருளாதாரம் ஒன்றுக்கொன்று முற்றிலும் வேறுபட்டிருந்தது. கியூபெக்கின் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் ஆறுகளிலிருந்து கிடைக்கிறது. மனிட்டோபாவும் பிரிட்டிஷ் கொலம்பியாவும் நீர்மின்சாரத்தையே பெரிதும் நம்பியுள்ளன. இவற்றுக்குக் காலநிலை ஒப்பந்தம் பெருஞ்சுமையன்று. தூய்மையான மின்சாரத்தை விற்கும் வாய்ப்பாகவும் அது தெரிந்தது. ஆல்பர்ட்டாவும் சஸ்காச்சுவானும் நிலக்கரியையும் இயற்கை எரிவாயுவையும் எரித்து மின்சாரம் எடுத்தன. ஆல்பர்ட்டாவின் வடபகுதியில் உள்ள எண்ணெய் மணலிலிருந்து எண்ணெயைப் பிரித்தெடுக்க மிகுந்த ஆற்றல் தேவைப்படுகிறது. அம்மாகாண அரசின் வருவாயும் வேலைவாய்ப்பும் அதைச் சார்ந்தே வளர்ந்தன.

பழைய கசப்பு ஒன்றும் இதனுடன் சேர்ந்துகொண்டது. 1980இல் பிரதமர் பியர் ட்ரூடோவின் அரசு கொண்டுவந்த தேசிய எரிசக்தித் திட்டம், ஆல்பர்ட்டாவின் எண்ணெய் வருவாயை நடுவண் அரசு பறிப்பதாகவே அங்கே பார்க்கப்பட்டது. அன்றைய மாகாண முதல்வர் பீட்டர் லோகீட் எண்ணெய் உற்பத்தியைக் குறைத்து எதிர்ப்புக் காட்டினார். 1982இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 92அ பிரிவு, புதுப்பிக்க இயலாத இயற்கை வளங்கள் மீதும் மின்னுற்பத்தி மீதும் மாகாணங்களுக்குள்ள அதிகாரத்தை மேலும் உறுதிப்படுத்தியது. ஆகவே காலநிலை பற்றி ஒட்டாவா பேசத் தொடங்கியபோது, மேற்கு மாகாணங்களின் காதில் அது தங்கள் எண்ணெய்க்கு வந்த இன்னொரு ஆபத்தாகவே விழுந்தது.

டொராண்டோவிலிருந்து கியோட்டோ வரை

1988 ஜூனில் டொராண்டோவில் வளிமண்டல மாற்றம் குறித்த உலக மாநாடு நடந்தது. உலகம் முழுவதும் கரியமில வாயு உமிழ்வை 2005க்குள் 1988ஆம் ஆண்டு அளவிலிருந்து 20% குறைக்க வேண்டும் என்று அது கேட்டுக்கொண்டது. நாடுகள் தயங்கி நின்றபோது டொராண்டோ மாநகரம் அவ்விலக்கைத் தனக்கென ஏற்றுக்கொண்டது. கனடாவில் நகராட்சிகள் மாகாணச் சட்டத்தால் உருவாக்கப்படுபவை. அவற்றுக்கெனத் தனி அரசியலமைப்பு அதிகாரம் இல்லை. ஆயினும் கட்டடங்கள், பொதுப் போக்குவரத்து, குப்பைக்கிடங்கு ஆகியவற்றின் வழியே அவற்றால் செய்யக்கூடியவை பல என்பதை அந்நகரம் காட்டியது.

1992 ஜூனில் ரியோ டி ஜெனிரோவில் காலநிலை உடன்படிக்கை கையெழுத்தானது. அவ்வாண்டு டிசம்பரிலேயே கனடா அதற்கு ஏற்புறுதி அளித்தது. ஏற்புறுதி என்பது, கையெழுத்திட்ட ஒப்பந்தத்துக்குத் தாம் கட்டுப்படுவதாக ஒரு நாடு முறைப்படி அறிவிப்பதாகும். அடுத்த சில ஆண்டுகளில் நடுவண் அரசும் மாகாணங்களும் ஒப்புக்கொண்டவை பெரும்பாலும் தன்னார்வத் திட்டங்களே. நிறுவனங்கள் தாமே முன்வந்து உமிழ்வைக் குறைப்பதாகப் பதிவு செய்தன. குறைக்காவிட்டால் தண்டனை ஏதும் இல்லை. யாருக்கும் மனக்கசப்பு இல்லாத வழி இது. ஆனால் உமிழ்வு உயர்ந்துகொண்டே சென்றது.

1997 நவம்பரில் ரெஜைனா நகரில் நடுவண், மாகாண எரிசக்தி, சுற்றுச்சூழல் அமைச்சர்கள் கூடினர். 2010ஆம் ஆண்டளவில் உமிழ்வை 1990ஆம் ஆண்டு அளவுக்குக் கொண்டுவந்து நிறுத்துவது என்ற நிலைப்பாடு அங்கே உருவானது. சில வாரங்களே கடந்திருக்கும். கியோட்டோ மாநாட்டுக்கு முன்பாகவே பிரதமர் ஜான் கிரெட்டியனின் அரசு அதைத் தாண்டி, 1990ஆம் ஆண்டு அளவுக்கும் 3% கீழே செல்லத் தயார் என்று அறிவித்தது. கியோட்டோவில் டிசம்பரில் பேச்சு முடிந்தபோது கனடா ஏற்றிருந்த இலக்கு, 2008-2012 காலத்தில் 1990ஆம் ஆண்டு அளவுக்கு 6% கீழே என்பதாகும்.

மாகாணங்களிடம் ஒன்று சொல்லிவிட்டு உலகிடம் வேறொன்று சொன்னதாகவே இது புரிந்துகொள்ளப்பட்டது. இலக்கு நல்லதா, எட்டக்கூடியதா என்ற விவாதம் பின்னுக்குப் போனது. எங்களைக் கேட்காமல் எப்படி ஒப்புக்கொண்டீர்கள் என்பதே முதல் கேள்வியாயிற்று. நிறைவேற்ற வேண்டியவர்களின் இசைவு இல்லாமல் தரப்பட்ட வாக்கு என்ற குறை கியோட்டோவுக்குத் தொடக்கத்திலேயே வந்து சேர்ந்தது.

ஏற்புறுதியும் விலகலும்

அமெரிக்கா கியோட்டோவில் 7% குறைப்புக்கு உடன்பட்டிருந்தது. ஆனால் 2001இல் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் அரசு நெறிமுறையைக் கைவிட்டது. கனடாவின் ஏற்றுமதியில் பெரும்பகுதி அமெரிக்காவுக்கே செல்வதால், கட்டுப்பாடு இல்லாத அண்டை நாட்டுடன் போட்டியிட இயலாது என்ற வாதம் வலுத்தது. ஆல்பர்ட்டா முதல்வர் ரால்ஃப் கிளைன் கடுமையாக எதிர்த்தார். உமிழ்வின் மொத்த அளவைக் குறைப்பதற்கு மாறாக, ஓர் அலகு உற்பத்திக்கான உமிழ்வைக் குறைப்போம் என்பது அவரது மாற்றுத் திட்டம். உற்பத்தி பெருகினால் மொத்த உமிழ்வும் பெருகலாம் என்பதே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. கியூபெக்கும் மனிட்டோபாவும் ஏற்புறுதியை ஆதரித்தன.

2002 டிசம்பரில் நாடாளுமன்றத்தின் மக்களவையில் வாக்கெடுப்பு நடந்தபின் கிரெட்டியன் ஏற்புறுதி அளித்தார். சட்டப்படி அதற்கு மாகாணங்களின் சம்மதம் தேவையில்லை. நிறைவேற்றத்தான் அது தேவைப்பட்டது. 2003இல் ஆல்பர்ட்டா தனது காலநிலைச் சட்டத்தை இயற்றியது. உமிழ்வைக் கட்டுப்படுத்துவது மாகாணத்தின் இயற்கை வளங்களை நிருவகிப்பதோடு பிரிக்க முடியாதபடி பிணைந்தது என்று அச்சட்டத்தின் முகவுரை கூறியது. காலநிலைச் சட்டமாக இருந்த அதுவே, நடுவண் அரசு உள்ளே வராதபடி போட்ட வேலியாகவும் இருந்தது.

2006இல் ஸ்டீபன் ஹார்ப்பர் பிரதமரானார். கியோட்டோ இலக்கை எட்ட இயலாது என்பது அவரது அரசின் நிலை. அவருடையது சிறுபான்மை அரசு. எனவே எதிர்க்கட்சிகள் ஒன்றுசேர்ந்து 2007இல் கியோட்டோ நெறிமுறை நிறைவேற்றச் சட்டத்தைக் கொண்டுவந்தன. அரசு அதைப் பின்பற்றவில்லை என்று சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று வழக்குத் தொடுத்தது. இது நீதிமன்றம் தீர்க்கக்கூடிய பொருளன்று என்று 2008இல் கூட்டாட்சி நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2011 டிசம்பரில் கியோட்டோவிலிருந்து விலகுவதாக அரசு அறிவித்தது. ஓராண்டு கழித்து விலகல் நடைமுறைக்கு வந்தது. கியோட்டோவுக்கு ஏற்புறுதி அளித்துப் பின் முறைப்படி விலகிய ஒரே நாடு கனடா.

மாகாணங்கள் முன்னெடுத்தவை

நடுவண் அரசு தயங்கிய ஆண்டுகளில் மாகாணங்கள் சும்மா இருக்கவில்லை. ஒப்பந்தத்தை எதிர்த்த ஆல்பர்ட்டாவே 2007இல் பெருந்தொழிற்சாலைகளின் உமிழ்வுக்கு விலை வைத்தது. ஆண்டுக்கு 1,00,000 டன்னுக்கு மேல் உமிழும் ஆலைகள், உற்பத்தி அலகுக்கான உமிழ்வை 12% குறைக்க வேண்டும். முடியாதவை எஞ்சிய ஒவ்வொரு டன்னுக்கும் 15 டாலரை ஒரு நிதியத்தில் செலுத்தலாம்.

2008 ஜூலை 1 அன்று பிரிட்டிஷ் கொலம்பியாவில் கார்பன் வரி நடைமுறைக்கு வந்தது. டன்னுக்கு 10 டாலரில் தொடங்கி, ஆண்டுக்கு 5 டாலர் வீதம் உயர்ந்து, 2012இல் 30 டாலரை எட்டியது. இதனால் வரும் பணத்தை வருமான வரிக் குறைப்பாக மக்களுக்கே திருப்பித் தருவது முதல்வர் கார்டன் கேம்பல் அரசின் திட்டம். வரியை நீக்குவோம் என்று எதிர்க்கட்சி பிரசாரம் செய்தும் 2009 மாகாணத் தேர்தலில் அவர் வென்றார். இதற்குச் சில மாதங்கள் முன்பு, 2008 அக்டோபரில், நாடு முழுவதற்கும் இதே வகை வரியை முன்வைத்த லிபரல் கட்சித் தலைவர் ஸ்டெஃபான் டியோன் நடுவண் தேர்தலில் தோற்றிருந்தார்.

கியூபெக் வேறு வழியை எடுத்தது. மொத்த உமிழ்வுக்கு உச்சவரம்பு வைத்து, அதற்குள் உமிழ்வு உரிமங்களை வாங்கவும் விற்கவும் விடும் முறையை 2013இல் தொடங்கி, 2014இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலச் சந்தையுடன் இணைத்தது. இரு நாடுகளின் உட்பிரிவுகள் தம்முள் செய்துகொண்ட ஏற்பாடு இது. இதன் வேர் 1965இல் உள்ளது. தன் அதிகாரத்துக்கு உட்பட்ட துறைகளில் கியூபெக் வெளிநாடுகளுடன் தானே உறவாடலாம் என்று அன்றைய கல்வி அமைச்சர் பால் ஜெரான்-லஜுவா அறிவித்த கொள்கையை அம்மாகாணம் இன்றுவரை கடைப்பிடிக்கிறது.

ஒன்டாரியோ தன் நிலக்கரி மின்நிலையங்களை ஒவ்வொன்றாக மூடி, 2014இல் அப்பணியை முடித்தது. 2000களின் தொடக்கத்தில் அம்மாகாண மின்சாரத்தில் ஏறத்தாழ கால்பங்கு நிலக்கரியிலிருந்து வந்துகொண்டிருந்தது. பன்னாட்டு ஒப்பந்தத்தைவிட, நகரங்களின் காற்று மாசும் மக்களின் உடல்நலமும்தான் இதற்கு முதன்மையான உந்துதல்.

அதிகாரப் பரவல் தடையாக மட்டும் இருக்கவில்லை என்பதை இவை காட்டுகின்றன. ஒரு மாகாணம் துணிந்து செய்து பார்த்ததைப் பிற மாகாணங்கள் கவனித்துக் கற்க முடிந்தது. ஆயினும் ஒன்று குறைத்ததை மற்றொன்றின் வளர்ச்சி விழுங்கியது. ஒன்டாரியோவில் குறைந்தபோது ஆல்பர்ட்டாவின் எண்ணெய் மணல் உமிழ்வு பெருகியது. நாட்டின் மொத்தக் கணக்கைச் சரிசெய்ய எவருக்கும் பொறுப்பில்லை.

பாரிஸும் அனைத்துக் கனடியச் சட்டகமும்

2015 நவம்பரில் ஜஸ்டின் ட்ரூடோ பிரதமரானார். அம்மாத இறுதியில் பாரிஸ் மாநாட்டுக்குச் சென்றபோது மாகாண முதல்வர்களையும் உடன் அழைத்துச் சென்றார். கனடாவின் அன்றைய இலக்கு, 2030க்குள் 2005ஆம் ஆண்டு அளவிலிருந்து 30% குறைப்பதாக இருந்தது; இதை முந்தைய ஹார்ப்பர் அரசே அறிவித்திருந்தது. இம்முறை கையெழுத்தோடு நிறுத்தாமல் மாகாணங்களோடு பேசி ஒரு திட்டம் வகுக்கும் முயற்சி நடந்தது. 2016 மார்ச்சில் வான்கூவரில் ஒரு கூட்டறிக்கை வெளியானது. டிசம்பரில் 'அனைத்துக் கனடியச் சட்டகம்' என்ற உடன்பாட்டில் பெரும்பாலான மாகாணங்கள் கையெழுத்திட்டன. சஸ்காச்சுவான் இறுதிவரை கையெழுத்திடவில்லை.

ஒவ்வொரு மாகாணமும் வரியோ உரிமச் சந்தையோ தனக்கேற்ற வழியில் கார்பனுக்கு விலை வைக்கலாம். அந்த விலை நடுவண் அரசு வகுத்த குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகக்கூடாது. போனால் நடுவண் அரசின் முறை அங்கே தானாக வந்துவிடும் என்பதே இதன் மையக் கருத்து. இதற்காக 2018 ஜூனில் பசுமை இல்ல வாயு மாசு விலையிடல் சட்டம் நிறைவேறியது. எரிபொருள் மீதான கட்டணம் ஒரு பகுதி. பெருந்தொழிற்சாலைகளுக்கான தனி முறை மற்றொரு பகுதி. கட்டணத்தில் வரும் பணம் எந்த மாகாணத்தில் திரட்டப்பட்டதோ அங்கேயே செலவாகும்; அதில் பெரும்பகுதி குடும்பங்களுக்கு நேரடியாகத் திருப்பித் தரப்படும்.

சட்டம் நிறைவேறிய வேகத்திலேயே அதற்கு அடித்தளமான அரசியல் இசைவு குலைந்தது. 2018இல் ஒன்டாரியோவில் ஆட்சிக்கு வந்த டக் ஃபோர்டு, கியூபெக்-கலிஃபோர்னியா சந்தையில் அவ்வாண்டு தொடக்கத்தில்தான் இணைந்திருந்த தம் மாகாணத்தை விலக்கிக்கொண்டார். 2019இல் ஆல்பர்ட்டாவில் வென்ற ஜேசன் கென்னி, முந்தைய முதல்வர் ரேச்சல் நாட்லி கொண்டுவந்த கார்பன் வரியை நீக்கினார். 2019 ஏப்ரல் 1 முதல் ஒன்டாரியோ, மனிட்டோபா, நியூ பிரன்சுவிக், சஸ்காச்சுவான் ஆகிய மாகாணங்களிலும், 2020 ஜனவரி முதல் ஆல்பர்ட்டாவிலும் நடுவண் அரசின் எரிபொருள் கட்டணம் நடைமுறைக்கு வந்தது. ஒன்டாரியோ அரசு, இக்கட்டணத்தைச் சுட்டும் ஒட்டுத்தாளைப் பெட்ரோல் நிலையங்கள் ஒவ்வொன்றும் ஒட்ட வேண்டும் என்று சட்டம் போட்டது. கருத்துரிமைக்கு எதிரானது என்று 2020இல் நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது.

2021ஆம் ஆண்டுத் தீர்ப்பு

சஸ்காச்சுவான், ஒன்டாரியோ, ஆல்பர்ட்டா ஆகிய மூன்றும் நடுவண் சட்டம் செல்லுமா என்று தத்தம் மேல்முறையீட்டு நீதிமன்றங்களிடம் கருத்துக் கேட்டன. முதல் இரண்டும் செல்லும் என்றன. ஆல்பர்ட்டா நீதிமன்றம் செல்லாது என்றது. இறுதியில் கனடிய உச்ச நீதிமன்றம் 2021 மார்ச் 25 அன்று, தலைமை நீதிபதி ரிச்சர்ட் வாக்னர் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பால் சட்டத்தை ஏற்றது. ஒன்பது நீதிபதிகளில் அறுவர் பெரும்பான்மை, மூவர் மாறுபட்டனர்.

இவ்வழக்கில் காலநிலை மாற்றம் உண்மையா என்பதில் எந்த மாகாணமும் ஐயம் எழுப்பவில்லை. யாருக்கு அதிகாரம் என்பதே கேள்வி. காலநிலையில் முன்னோடியான கியூபெக் இதில் நடுவண் சட்டத்தை எதிர்த்தே வாதிட்டது. தன் சந்தை நன்றாகவே நடந்தபோதும், தன் அதிகாரத்தில் ஒட்டாவா கைவைப்பதற்கு இது முன்னுதாரணமாகிவிடும் என்று அது அஞ்சியது.

பன்னாட்டு ஒப்பந்தத்தை நிறைவேற்றும் அதிகாரம் நடுவண் அரசுக்கு உண்டு என்று நீதிமன்றம் சொல்லவில்லை. 1937ஆம் ஆண்டுத் தீர்ப்பை அது தொடவில்லை. அமைதி, ஒழுங்கு, நல்லாட்சி அதிகாரத்தின் கீழ் வளர்ந்திருந்த 'தேசிய அக்கறை' என்ற கோட்பாட்டையே பயன்படுத்தியது. மாகாணங்கள் தனித்தோ கூடியோ தீர்க்க இயலாத பொருள். ஒன்று ஒத்துழைக்க மறுத்தால் அதன் கேடு மற்ற மாகாணங்களுக்கும் பரவும். ஆகவே விலையின் குறைந்தபட்ச அளவை வகுக்கும் அந்தக் குறுகிய பணி மட்டும் நடுவண் அரசுக்கு உரியது என்று அது விளக்கியது. பாரிஸ் ஒப்பந்தம் அதிகாரத்தின் ஊற்றாக அன்றி, இது நாடு தழுவிய அக்கறை என்பதற்கான சான்றாகவே பயன்பட்டது.

இவ்வழியின் எல்லை விரைவில் தெரிந்தது. 2023 அக்டோபரில், பெருந்திட்டங்களின் தாக்க மதிப்பீடு பற்றிய நடுவண் சட்டத்தின் பெரும்பகுதி மாகாண அதிகாரத்துக்குள் அத்துமீறுவதாக அதே நீதிமன்றம் கருத்துரைத்தது.

தீர்ப்புக்குப் பின்

நீதிமன்றத்தில் வென்ற சட்டம் மக்களிடையே வேரூன்றவில்லை. கட்டணம் ஆண்டுதோறும் உயர்ந்து 2024 ஏப்ரலில் டன்னுக்கு 80 டாலரானது. விலைவாசி ஏறிய அக்காலத்தில், பெட்ரோல் விலையில் தெரிந்த கட்டணம் எல்லாருக்கும் நினைவிருந்தது. வங்கிக் கணக்கில் வந்த திருப்பித் தொகை பலருக்கு நினைவில்லை. 2023 அக்டோபரில் வீடுகளைச் சூடாக்கும் எண்ணெய்க்கு மட்டும் மூன்றாண்டு விலக்கு அளிக்கப்பட்டது. அவ்வெண்ணெய் அட்லாண்டிக் மாகாணங்களில் அதிகம் பயன்படுவதால், இயற்கை எரிவாயுவில் வீட்டைச் சூடாக்கும் சஸ்காச்சுவான் இது பாரபட்சம் என்றது. 2024 ஜனவரி முதல் வீட்டு எரிவாயு மீதான கட்டணத்தைத் திரட்டுவதை அது நிறுத்திக்கொண்டது.

2025 மார்ச் 14 அன்று பிரதமராகப் பதவியேற்ற மார்க் கார்னி, அன்றே எரிபொருள் கட்டணத்தைச் சுழியாக்க முடிவெடுத்தார்; ஏப்ரல் 1 முதல் அது நீங்கியது. அதே நாளில் பிரிட்டிஷ் கொலம்பியாவும் 17 ஆண்டுகளாக இருந்த தன் நுகர்வோர் கார்பன் வரியை நிறுத்தியது. பெருந்தொழிற்சாலைகளுக்கான விலையிடல் தொடர்ந்தது. கியூபெக்கின் உரிமச் சந்தையும் தொடர்ந்தது.

வரலாறு தரும் பாடம்

கனடாவின் அனுபவத்திலிருந்து பிற கூட்டாட்சிகளும் அறியத்தக்கவை சில உண்டு. ஒப்பந்தத்துக்கு முன் நடக்கும் உள்நாட்டுப் பேச்சு, ஒப்பந்தத்தின் வாசகத்தைப் போலவே முக்கியமானது. 1997இல் ரெஜைனாவில் தொடங்கிய அவநம்பிக்கை பல ஆண்டுகள் நீடித்தது. பொதுக் குறைந்தபட்சத்தை நடுவண் அரசு வகுத்து, வழியை மாகாணங்களின் தேர்வுக்கு விடும் முறை சட்டத்தின் கண்ணில் நின்றது. நீதிமன்றம் ஓர் அரசுக்கு அதிகாரம் உண்டு என்று சொல்லலாம். அந்த அதிகாரத்தைத் தொடர்ந்து பயன்படுத்துவதற்கான மக்கள் ஆதரவை அதனால் தர இயலாது.

இத்தனை மாற்றங்களையும் தாண்டி நிலைத்தவை எவை என்பதும் நோக்கத்தக்கது. ஒன்டாரியோவில் மூடப்பட்ட நிலக்கரி மின்நிலையங்கள் மூடப்பட்டவையாகவே உள்ளன. கியூபெக்கின் சந்தை பல ஆட்சி மாற்றங்களைக் கண்டும் கலையவில்லை. இரண்டும் அந்தந்த மாகாணம் தன் தேவையை எண்ணித் தானே தொடங்கியவை. கனடாவின் பன்னாட்டு வாக்குறுதிகளில் எவ்வளவு நிறைவேறும் என்பது, அவ்வாறு தாமாக முன்வரும் மாகாணங்கள் எத்தனை என்பதைப் பொறுத்தே பெரிதும் அமைந்துள்ளது.